பொதுக்காட்டுக்குள் கட்டணச் சாகசப் பாதை: இங்கிலாந்தில் முதல்முறை ஆட்சேபிப்பவர்களுக்கு

காட்டு வாசலில் இருக்கும் விளக்குக் கம்பத்தில் ஒரு காகிதம் கட்டியிருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் மழைநீர் இறங்கி, எழுத்து பாதி கரைந்திருக்கும். நாயோடு நடப்பவர்களும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஒருநாள் ஷூ கயிறு அவிழ்ந்து அந்தக் கம்பத்தருகே குனிந்தபோதுதான் படித்தேன். மரங்களுக்கிடையே கயிற்றுப் பாலங்கள், ஜிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்குவது), டிக்கெட் அறை, கூடுதல் கார் நிறுத்தம் என்று இருந்தது. கருத்துச் சொல்லக் கொடுத்த 21 நாளில் 9 நாள்தான் மிச்சம் இருந்தது.

அந்த 9 நாளில் நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை, அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு வரிசையாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இதில் வரும் சட்டமும் நடைமுறையும் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து விதிகள் வேறு.

எனக்குக் குழந்தைகள் மரத்தில் தொங்குவது பிடிக்கும். காசில்லாதவரும் நுழையலாம் என்பது அந்தக் காட்டின் உயிர் என்று நினைக்கிறேன். இருக்கும் காட்டில் ஒரு மூலைக்கு டிக்கெட் வந்தால், காசு கொடுக்காதவருக்குக் காடு அந்த அளவுக்குச் சுருங்குகிறது. ஆனால் இந்த உணர்வை மட்டும் எழுதி அனுப்பினால், அனுமதி பற்றி முடிவெடுக்கும் உள்ளாட்சி மன்றமான கவுன்சில் அதை ஓரமாக வைத்துவிடும். அதைச் சட்டத்தின் பேச்சாக மாற்ற வேண்டும். மாற்றலாம், கஷ்டமில்லை.

முதல் நாள்: எண்ணும் தேதியும்

நோட்டீஸைப் போனில் படம் எடுங்கள். விண்ணப்ப எண்ணும் கடைசித் தேதியும் தெளிவாகத் தெரிய வேண்டும். கவுன்சில் தளத்தின் பிளானிங் (கட்டடம், நிலப் பயன்பாடு ஆகியவற்றுக்கான அனுமதி) பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால் எல்லா ஆவணங்களும் திறக்கும். திறந்தவற்றை அன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தள வரைபடம், மரங்கள் பற்றிய அறிக்கை, உயிரினங்கள் பற்றிய அறிக்கை, போக்குவரத்து அறிக்கை, ஒலி அறிக்கை. இவற்றில் ஏதாவது இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாத அறிக்கை பிறகு உதவும்.

சிறிய விண்ணப்பங்களுக்கு 8 வாரத்திலும் பெரியவற்றுக்கு 13 வாரத்திலும் முடிவெடுக்க வேண்டும் என்பது கணக்கு. 21 நாள் கழித்து வரும் கடிதங்களையும், முடிவு எடுக்கும் முன் வந்தால் பெரும்பாலும் பார்ப்பார்கள். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இரண்டாவது: மரத்தைப் பார்க்கும் முன் நிலத்தைப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் மரம், பறவை, வௌவால் என்றுதான் தொடங்குகிறார்கள். நான் சொல்வது, முதலில் நிலம் யாருடையது, எந்த நிபந்தனையில் அவர்களிடம் இருக்கிறது என்று பாருங்கள். ஏனென்றால் சாகசப் பாதை வர இரண்டு கதவு திறக்க வேண்டும். ஒன்று பிளானிங் அனுமதி. இன்னொன்று நில உரிமையாளர் கொடுக்கும் குத்தகை. இரண்டும் தனித்தனி. பிளானிங் கிடைத்தாலும் குத்தகை கிடைக்காமல் போகலாம். பொதுநிலம் என்றால் இரண்டாவது கதவுக்குக் கூடுதல் பூட்டுகள் உண்டு.

நில உரிமைகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுண்டு கட்டினால் உரிமைப் பதிவேடு வந்துவிடும். அதில் 'கட்டுப்பாடுகள்' பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். பழைய காடுகள் பல, யாரோ ஒருவர் ஊருக்குத் தானமாகக் கொடுத்தவை அல்லது ஊரார் சந்தா சேர்த்து வாங்கிக் கொடுத்தவை. 'பொதுமக்கள் உலாவுவதற்காக என்றென்றைக்கும்' என்பது போன்ற ஒரு வரி பழைய பத்திரத்தில் இருக்கலாம். பதிவேட்டில் கிடைக்காவிட்டால் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அங்கே இருப்பவர்கள் இப்படிப்பட்ட கேள்விக்காகவே காத்திருப்பவர்கள் போல உதவுவார்கள்.

அடுத்து, கவுன்சில் அந்த நிலத்தை எந்தச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறது என்று கேளுங்கள். 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், 1906-ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டம், இந்த இரண்டில் ஒன்று என்றால் கவுன்சில் அங்கே வெறும் உரிமையாளர் இல்லை. பொதுமக்கள் அனுபவிப்பதற்காக நிலத்தை அறக்கட்டளை போலக் காத்து வைத்திருக்கும் பொறுப்பாளர். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஷ்ரூஸ்பரி நகர மன்றம் ஒரு பொது விளையாட்டுத் திடலின் பகுதியை, சட்டப்படி விளம்பரம் செய்யாமல், வீடு கட்டுபவருக்கு விற்றது. ஊர்க்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்களில் தோற்றார். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விற்ற பிறகும் பொதுமக்களின் உரிமை அந்த நிலத்தோடேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, அங்கே கொடுத்த பிளானிங் அனுமதியையே ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது படித்துவிடுங்கள். கடிதம் எழுதும் கை நடுங்காது.

இதோடு சேர்ந்தது 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு. திறந்தவெளி நிலத்தை விற்பதற்கோ குத்தகைக்கு விடுவதற்கோ முன், கவுன்சில் உள்ளூர்ச் செய்தித்தாளில் அடுத்தடுத்து இரண்டு வாரம் அறிவிப்பு வெளியிட வேண்டும். வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். இந்த அறிவிப்பு பிளானிங் நோட்டீஸிலிருந்து வேறானது. கம்பத்தில் கட்ட மாட்டார்கள், பேப்பரின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வரும். வாரம் ஒருவர் என்று முறை வைத்து அந்தப் பேப்பரைப் பாருங்கள்.

குத்தகைப் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தகவல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சுற்றுச்சூழல் தகவல் விதிகள் 2004 இதற்குத் தோதான கருவி. கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். குத்தகை வரைவு, எத்தனை ஆண்டு, எவ்வளவு பரப்பு, வேலி போட உரிமை தருகிறார்களா, நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து என்று இனம் பிரித்துக் கேளுங்கள். 20 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். பிளானிங் கெடுவை விட இது நீளம் என்பதால் முதல் நாளே அனுப்பிவிடுவது நல்லது.

நிலம் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்தின் பொறுப்பில் இருக்கும் அரசுக் காடாகவும் இருக்கலாம். அந்தக் காடுகளில் பெரும்பகுதியை 2000-ஆம் ஆண்டு ஊர்ப்புற அணுகல் சட்டத்தின் கீழ், மக்கள் கால்நடையாக எங்கும் நடக்கலாம் என்று நிரந்தரமாக ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் காடு அதில் வருகிறதா என்பது அணுகல் வரைபடத்தில் தெரியும். இந்தக் காடுகளை விற்க 2010-இல் அரசு கிளம்பியபோது 5 லட்சத்துக்கு மேல் மக்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2011 பிப்ரவரியில் அமைச்சர் திட்டத்தைக் கைவிட்டார். குத்தகை விஷயத்தில் அந்தத் துறைக்கும், பிளானிங் விஷயத்தில் உள்ளூர் கவுன்சிலுக்கும் என்று இரண்டு இடத்துக்கும் எழுத வேண்டும்.

பதிவு செய்த 'காமன்' நிலம் (மேய்ச்சல் போன்ற பழைய பொது உரிமைகள் உள்ள நிலம்) என்றால், வேலி, கட்டடம் போன்ற வேலைகளுக்கு 2006-ஆம் ஆண்டுக் காமன்ஸ் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி தனி ஒப்புதல் தேவை. 1865 முதல் இயங்கும், பொது நிலங்களைக் காக்கும் அமைப்பான ஓப்பன் ஸ்பேசஸ் சொசைட்டி இந்தப் பிரிவில் கைதேர்ந்தது. அவர்களிடம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'வில்லேஜ் கிரீன் என்று பதிவு செய்துவிட்டால் போதும்' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஊர் மக்கள் நெடுங்காலம் விளையாடிவரும் திடலைச் சட்டப்படி காக்கும் பதிவு அது. பிளானிங் விண்ணப்பம் அறிவித்த பிறகு அந்த வழி 2013 சட்டத்தால் மூடியிருக்கும். கவுன்சில் பொழுதுபோக்குக்கென்றே திறந்துவைத்த நிலத்துக்கு அது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் விட்டது. அதில் நாளை வீணாக்காதீர்கள்.

மூன்றாவது: வரைபடமும் தையல் டேப்பும்

இப்போது மரத்துக்கு வரலாம். தள வரைபடத்தை அச்செடுத்து, துணி தைப்பவர் வைத்திருக்கும் டேப் ஒன்றையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போங்கள். பெரிய டேப் இருந்தால் அதுவும்.

டிக்கெட் அறை வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓக் மரம் இருந்தது. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றினேன். ஒரு ஆளால் முடியவில்லை. என் மகள் மறுபக்கம் போய் முனையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றளவு 283 செ.மீ. அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 90 செ.மீ. கட்டுமானத்தின்போது மரங்களைக் காப்பதற்கான பிஎஸ் 5837 தரநிலைப்படி, மரத்தைச் சுற்றி, விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்தில் வேர்ப் பாதுகாப்பு வட்டம். அதாவது 10.8 மீட்டர். வரைபடத்தில் அந்த அறை மரத்திலிருந்து 6 மீட்டரில் இருந்தது. அறிக்கையில் அந்த மரத்தின் விட்டத்தை 45 செ.மீ. என்று போட்டிருந்தார்கள், அந்தக் கணக்கில் வட்டம் 5.4 மீட்டர்தான் வரும். டேப் சுற்றியிருக்கும் படத்தைத் தேதியோடு கடிதத்தில் இணைத்தேன். பிளானிங் அதிகாரி என் பத்துப் பக்கக் கடிதத்தில் பதில் கேட்டு எழுதியது அந்த ஒரு படத்தைப் பற்றித்தான்.

'மரத்தில் ஆணி அடிப்பதில்லை, கட்டை வைத்து இறுக்கித்தான் மேடை கட்டுகிறோம்' என்று விண்ணப்பத்தில் இருக்கும். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கேடு காலடியில் இருக்கிறது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 செ.மீ. மண்ணுக்குள்ளேயே பரவியிருக்கும். ஏணியடியில் வரிசையில் நிற்பவர்கள், வேடிக்கை பார்க்கும் பெற்றோர், பணியாளர் என்று நாள் முழுக்க ஒரே இடத்தில் மிதிபட்டால் மண் இறுகிவிடும். காற்றும் தண்ணீரும் உள்ளே இறங்காது. மரம் உடனே காட்டிக்கொடுக்காது. சில ஆண்டு கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும்போதுதான் தெரியும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்தெந்த மரத்தடியில் நிற்பார்கள், மண் இறுகுவதை யார் அளப்பார்கள்?

பழங்காடா என்று பாருங்கள். இங்கிலாந்தில் 1600 முதல் இடைவிடாமல் காடாக இருந்தது 'ஏன்ஷியன்ட் உட்லண்ட்'. மேஜிக் என்ற அரசு வரைபடத் தளத்தில் இது தெரியும். 2 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு காடுகள் பழைய பட்டியலில் சேரவில்லை. அதனால் வரைபடத்தில் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் தரையெல்லாம் புளூபெல் பூத்துக் கிடக்கிறதா, வெள்ளை வுட் அனிமோனி இருக்கிறதா? இரண்டும் மெதுவாகவே பரவுபவை, பழமைக்குச் சாட்சி சொல்பவை. பழங்காடு என்றால் ஆட்டமே வேறு. அதற்குச் சேதம் வரும் எந்த வளர்ச்சியையும் முற்றிலும் விதிவிலக்கான காரணம் இல்லாவிட்டால் மறுக்க வேண்டும் என்பது தேசியப் பிளானிங் கொள்கை. காட்டுக்கு வெளியே கார் நிறுத்தம் அமைத்தால்கூட விளிம்பிலிருந்து குறைந்தது 15 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அரசின் நிலையான அறிவுரை. கொள்கையின் பத்தி எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், இப்போதுள்ள பதிப்பைத் திறந்து எண்ணைச் சரிபார்த்தே எழுதுங்கள்.

உயிரின அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது தேதியை. வௌவால்கள் மரப்பொந்திலிருந்து மாலையில் வெளிவருவதை எண்ணும் ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் ஒழுங்காகச் செய்ய முடியும். ஜனவரியில் ஒரே ஒரு பகல் நடந்துவிட்டு 'வௌவால் காணப்படவில்லை' என்று எழுதியிருந்தால், அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டுக் கேள்வி கேளுங்கள். இங்குள்ள எல்லா வௌவால் இனங்களுக்கும் அவற்றின் இருப்பிடங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. இரவு விளக்கு போடுவார்களா என்பதும் இங்கேதான் வரும்.

நான்காவது: கடிதம்

பிளானிங்கில் எடுபடும் காரணம், எடுபடாத காரணம் என்று இரண்டு உண்டு. வீட்டு விலை குறையும், என் ஜன்னல் காட்சி போய்விடும், இந்த நிறுவனம் பேராசை பிடித்தது, இவை எடுபடாது. எழுதினால் மற்றவையும் மங்கிவிடும். மரம், உயிரினம், பொதுத் திறந்தவெளி இழப்பு, இரைச்சல், விளக்கு, போக்குவரத்து, பொதுநடைபாதை, தொன்மைச் சின்னம், இவை எடுபடும். கவுன்சிலுக்கு வாடகை வருமே என்று யாராவது சொன்னால், கவுன்சிலுக்குப் பணம் சேரும் என்பதை வைத்து அனுமதி கொடுக்கக் கூடாது என்பது அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது.

கிரீன் பெல்ட் (நகரம் பரவாமல் இருக்கச் சுற்றிலும் காத்து வைக்கும் திறந்த நிலம்) என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். வெளிப்புறப் பொழுதுபோக்கு வசதிகளுக்கு அங்கே இடமுண்டு, நிலத்தின் திறந்த தன்மை கெடாமல் இருந்தால். ஆகவே டிக்கெட் அறை, வேலி, கார் நிறுத்தம் ஆகியவை அந்தத் திறந்த தன்மையை எப்படிக் கெடுக்கின்றன என்று காட்ட வேண்டும்.

'இந்த அழகான காட்டைக் காசாக்காதீர்கள், எங்கள் குழந்தைகள் எங்கே போவார்கள்' என்று எழுதத்தான் கை போகும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'வரைபடத்தில் காட்டியுள்ள பகுதியில், இப்போது மக்கள் கட்டணமின்றி நடக்கும் இரண்டு பாதைகள் உள்ளன. அவை செயல்படும் நேரத்தில் திறந்திருக்குமா என்று விண்ணப்பத்தில் இல்லை. உள்ளூர்த் திட்டத்தின் திறந்தவெளிக் கொள்கைக்கு இது முரணாகும்.' உணர்வு ஒன்றுதான். இரண்டாவதற்கு அதிகாரி பதில் எழுதியே தீர வேண்டும். உங்கள் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்தைத் திறந்து, திறந்தவெளி, மரம் பற்றிய கொள்கைகளின் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

கடிதம் கவுன்சில் தளத்தில் உங்கள் பெயர், முகவரியோடு வெளிவரும். தெரிந்துகொண்டே அனுப்புங்கள். ஆங்கிலம் அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கோ மாமாவுக்கோ ஆங்கிலத்தில் எழுத வராது என்றால், அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கி அவர்கள் பெயரில் அனுப்பலாம். தினமும் காலையில் அதே பெஞ்சில் உட்காரும் எழுபது வயதுக்காரர் சொல்வதில் இருக்கும் விவரம் எந்த அறிக்கையிலும் கிடைக்காது. ஒரே கடிதத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதை விட, பதினைந்து பேர் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதுவது நல்லது.

வேறு இடம் ஒன்றைச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். பழைய ஓக் மரங்களை விட்டுவிட்டு, மரக்கட்டைக்காக நட்ட ஊசியிலைத் தோட்டத்தில், நடைபாதையை மறிக்காமல் வைப்பதாக இருந்தால் நான் ஆட்சேபித்திருக்க மாட்டேன். அதைக் கடிதத்திலேயே எழுதினேன்.

ஐந்தாவது: கவுன்சிலரும் கமிட்டியும்

நிறைய விண்ணப்பங்களை அதிகாரிகளே மேசையில் முடித்துவிடுவார்கள். இதைப் பிளானிங் கமிட்டிக்குக் கொண்டுபோகச் சொல்லி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் சீக்கிரமே கேளுங்கள். இதற்கும் ஒரு கெடு உண்டு, கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். அந்தக் கவுன்சிலரே கமிட்டியில் இருந்தால் தன் கருத்தைச் சொல்ல மாட்டார். முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவர் வாக்களிக்க முடியாது என்பதால் அப்படி. கோபித்துக்கொள்ளாதீர்கள். வார்டின் இன்னொரு கவுன்சிலரை உங்களுக்காகப் பேசச் சொல்லலாம். கமிட்டி முடிவெடுக்கும் முன் காட்டுக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள்.

கமிட்டியில் பேசப் பல இடங்களில் 3 நிமிடம்தான் தருவார்கள், முன்பதிவும் வேண்டும். மூன்றே விஷயம் வைத்துக்கொண்டு, வீட்டில் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், தாளைப் பார்த்தே படிக்கலாம்.

முடிவு வந்த பிறகு

அனுமதி கொடுத்துவிட்டால், எதிர்த்தவர்களுக்கு இங்கிலாந்தில் மேல்முறையீடு கிடையாது. சட்டத்தை மீறி முடிவெடுத்தார்கள் என்று காட்ட முடிந்தால் மட்டும் நீதிமன்றச் சீராய்வு. அதற்கு 6 வாரம்தான். சுற்றுச்சூழல் வழக்குகளில், தோற்றால் எதிர்த்தரப்புக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய செலவுக்குப் பொதுவாகத் தனிநபருக்கு 5,000 பவுண்டு, அமைப்புக்கு 10,000 பவுண்டு என்று உச்சவரம்பு இருக்கிறது. உங்கள் வக்கீல் செலவு அதில் சேராது. முதல் வாரத்திலேயே வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

வழக்கு வேண்டாம் என்றால் அனுமதியோடு வரும் நிபந்தனைகளைக் கையில் எடுங்கள். செயல்படும் நேரம், விளக்கு, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர், பாதைகள் திறந்திருப்பது, மரங்களை ஆண்டுதோறும் பரிசோதிப்பது. மீறல் தெரிந்தால் தேதி போட்ட படத்தோடு கவுன்சிலின் அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள்.

மறுத்துவிட்டால் கொண்டாடுங்கள், ஆனால் குழுவைக் கலைத்துவிடாதீர்கள். விண்ணப்பதாரர், மேல்முறையீடுகளை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு மேல்முறையீடு செய்ய 6 மாதம் வரை நேரம் உண்டு. உங்கள் கடிதங்கள் அங்கேயும் போகும். அதற்கிடையில் கவுன்சிலின் சொத்துப் பிரிவுக்கு ஒரு வரி எழுதி, குத்தகைப் பேச்சு முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை அந்த இரண்டாவது கதவு திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.